ஃபீபாஸை மிலோட்டிக்காக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போக்கிமான் எமரால்ட் வீடியோ கேமில் ஃபீபாஸ் என்ற மீன் போக்கிமானைப் பிடிக்க ரூட் 119 ஆற்றில் நான்கு நாள் கட்டம் கட்டமாகத் தூண்டில் போட்டேன். அத்தனை கட்டங்களில் ஆறே கட்டத்தில்தான் அது கடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேற்று ராத்திரி கிடைத்துவிட்டது! பழுப்பு நிறம், கிழிந்த துடுப்பு, ஆனால் எனக்கு அது தங்கம்.

சிக்கல் இதுதான். பியூட்டி என்ற அழகு மதிப்பு 170 ஆன பிறகு ஒரு லெவல் ஏறினால்தான் அது மிலோட்டிக் என்ற அடுத்த வடிவமாக மாறும். என்னுடையதோ அடமண்ட் குணம். பியூட்டியை ஏற்றும் நீலப் போக்கிபிளாக் (பெர்ரிகளை அரைத்துச் செய்யும் தின்பண்டம்) அந்தக் குணத்துக்குப் பிடிக்காது. செஸ்டோ பெர்ரியில் செய்து கொடுத்தால் வேண்டாவெறுப்பாகத் தின்கிறது, பியூட்டி கொஞ்சம்தான் ஏறுகிறது. தின்னத் தின்ன ஏறும் ஷீன் என்ற அளவு நிரம்பிவிட்டால் அப்புறம் எதையும் தின்னாது என்பதால் மூன்றோடு நிறுத்திவிட்டேன்.

இதே குணத்தோடு யாராவது 170-ஐத் தொட்டிருக்கிறீர்களா? எந்தப் பெர்ரிகளைக் கலந்தீர்கள், எத்தனை பேர் சேர்ந்து அரைத்தீர்கள்? இல்லை, அதே கட்டத்தில் நீலப் போக்கிபிளாக் பிடிக்கும் மாடஸ்ட் குணமுள்ள இன்னொன்றைப் பிடிப்பதுதான் சரியா? முடிந்தவரை இதையே வளர்க்க ஆசை. கேமில் வரும் ட்யூஃபோர்ட் ஊரில் எல்லோரும் பேசும் பிரபலச் சொல் மாறினால் ஃபீபாஸ் கடிக்கும் கட்டங்களும் மாறிவிடும், அதனால் சீக்கிரம் சொல்லுங்கள்.