60 கஜத்தில் மட்டும் பெல்லட் தலைக்கு மேலே போகிறது: ஏர் ரைஃபிளில் என்ன கோளாறு?

வரப்போரம்:
வணக்கம். ஒன்டாரியோவில் போர்ட் பெரிக்கு வடக்கே சோயா போட்டிருக்கிறோம். வேலியோரம் முழுக்க கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொழுத்த விலங்கு) வளைகள். ஒவ்வொரு வளைக்கு முன்னாலும் அரைவட்டமாக இளஞ்செடிகளை மொட்டையடித்து வைத்திருக்கின்றன. கொட்டகை அடித்தளத்தின் கீழேயும் ஒன்று குடியிருக்கிறது. போன வாரம் புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு துளையில் டிராக்டரின் முன்சக்கரம் இறங்கிவிட்டது. அதோடு அப்பாவின் பொறுமையும் போய்விட்டது.

என்னிடம் இருப்பது .22 பிசிபி ஏர் ரைஃபிள், அதாவது முன்கூட்டியே நிரப்பிய அழுத்தக் காற்றில் சுடுவது. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும் ரெகுலேட்டர் உள்ளது. 18 கிரெய்ன் எடையுள்ள பெல்லட் (ஈயக் குண்டு), வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் நொடிக்கு 870 அடி காட்டுகிறது. ஸ்கோப் 3 முதல் 12 மடங்கு வரை பெரிதாக்குவது, மில்டாட், அதாவது குறிக்கோட்டில் சம இடைவெளியில் புள்ளிகள் உள்ளது. ஜீரோ, அதாவது நடுக்கோடு காட்டும் இடத்திலேயே பெல்லட் விழும் தூரம், 40 கஜம். 60 கஜத்துக்கு ஒன்றேகால் புள்ளி உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்பதைப் பெஞ்சில் வைத்துச் சுட்டுக் கண்டுபிடித்தேன். அப்படிப் பிடித்தால் இரண்டு டாலர் நாணயத்தின் அளவுக்குள் விழுகிறது.

வயலில்தான் சிக்கல். 20, 30 கஜத்தில் குறி தவறுவதில்லை. 60 கஜத்தில் நிமிர்ந்து நிற்பதைச் சுட்டால் பெல்லட் தலைக்கு மேலே போய்ப் பின்னாலுள்ள மண்சரிவில் புழுதி கிளப்புகிறது. விலங்கு ஒரு விசில் அடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறது. தூரம் கூடினால் பெல்லட் தாழத்தானே வேண்டும், மேலே போவானேன்? மாலையில்தான் அதிகம் நடக்கிறது. மறுநாள் பெஞ்சில் வைத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

ஒஷாவா மாமா:
தம்பி, 60 கஜம் என்பது அளந்ததா, கண்மதிப்பா? வெட்டவெளியில் கண் நிறைய ஏமாற்றும். விலங்கு உண்மையில் 50 கஜத்தில் இருந்து, நீங்கள் 60க்கு உரிய புள்ளியைப் பிடித்தால், ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் மேலே போகும். கிரவுண்ட்ஹாக்கின் மூளை இருக்கும் இடமே அவ்வளவுதான். ஸ்கோப் மவுண்டின் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள்.

வரப்போரம்:
லேசர் கருவியால் அளந்தது, மாமா. செடிகளில் பட்டுப் பொய் சொல்லக்கூடாது என்று வேலிக்கம்பங்களை முன்கூட்டியே அளந்து குறித்து வைத்திருக்கிறேன். மவுண்ட் திருகுகளை இறுக்கிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன், கோடு நகரவில்லை.

லிண்ட்சே கமக்காரன்:
சரிவுதான் காரணமாக இருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிச் சுட்டால் பெல்லட் மேலே போகும். எங்கள் நிலத்தில் எனக்கும் இதே கதை.

குறி_நேர்:
கமக்காரன் அண்ணா சொல்லும் விதி சரி, ஆனால் அளவு போதாது. 10 பாகைச் சரிவில் 60 கஜம் என்பது 59 கஜம்போல நடந்துகொள்ளும், அவ்வளவுதான். உழுகிற நிலத்தில் 10 பாகையே பெரிய சரிவு.

எனக்கு முதலில் சந்தேகம் ரெகுலேட்டர்மேல். இரவு முழுக்கச் சும்மா கிடந்தால் சில ரெகுலேட்டர்களில் காற்று மெல்லக் கசிந்து உள்ளறையின் அழுத்தம் ஏறிவிடும். அதனால் முதல் சூடு மட்டும் வேகமாகப் போகும். வேட்டையில் நாம் சுடுவது பெரும்பாலும் அந்த முதல் சூடுதானே. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்துவிட்டு, முதல் பெல்லட்டைக் குரோனோகிராஃபுக்கு மேலாகச் சுட்டுப் பாருங்கள்.

கூண்டுக்காரி:
குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் சுட்டுத்தான் ஆக வேண்டுமா? கொட்டகைக்குக் கீழே இருப்பதைச் சுடவே வேண்டாம். அடித்தளத்துக் கல்லில் பட்டால் பெல்லட் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். ஜூலையில் குட்டிகள் தனியே பிரிந்து போய்விடும். அதன்பின் வளை காலியானதை உறுதி செய்துகொண்டு, அடித்தளத்தைச் சுற்றி கம்பிவலையை ஓர் அடி ஆழத்துக்கு இறக்கி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்துவிடுங்கள். தோண்டிக்கொண்டு வருவது வலையில் முட்டித் திரும்பும்.

லிண்ட்சே கமக்காரன்:
அக்கா, கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது தூரத்துக் காட்டில் விட்டுவிடலாமே?

கூண்டுக்காரி:
அது இங்கே சட்டவிரோதம். ஒன்டாரியோவில் பிடித்த விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். அதாவது உங்கள் சோயாவிலிருந்து எடுத்து அடுத்தவர் சோயாவில் விடலாம். அவர் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டார். காய்கறிப் பாத்திக்கு வேலி நன்றாகவே வேலை செய்யும். மேல்பகுதியைக் கட்டாமல் தொங்கலாக விட்டால் ஏறவும் முடியாது. ஏக்கர் கணக்கில் சோயா என்றால் வேலி கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வரப்போரம்:
கொட்டகைக்கு வலைதான், அக்கா. அப்பாவும் சம்மதித்துவிட்டார்.

ரெகுலேட்டரைச் சோதித்தேன். ஒரு நாள் கிடந்த பின் முதல் சூடு 876, அடுத்தவை 869, 871. ஆறேழு அடி வித்தியாசத்தில் இவ்வளவு மேலே போகாதல்லவா?

குறி_நேர்:
போகாது. ரெகுலேட்டர் நல்ல பிள்ளை, விட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. பெஞ்சில் ஒன்றேகால் புள்ளி என்று கண்டுபிடித்தபோது ஸ்கோப்பின் பெரிதாக்கம் எத்தனையில் இருந்தது? வயலில் சுடும்போது எத்தனையில் இருக்கிறது?

வரப்போரம்:
பெஞ்சில் 12. துளையைத் தெளிவாகப் பார்க்கத்தான். வயலில் 6. 12இல் வைத்தால் செடிக்குள் விலங்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடுகிறது. மாலையில் இருட்டாகவும் தெரிகிறது. ஏன், அதற்கும் இதற்கும் என்ன?

குறி_நேர்:
அதற்கும் இதற்கும்தான் எல்லாமே.

உங்களுடையது போன்ற ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் குறிக்கோடு இரண்டாம் குவியத் தளத்தில், அதாவது பெரிதாக்கும் பகுதிக்குப் பின்னால், கண் பக்கமாக இருக்கும். பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினால் விலங்கு பெரிதாகும், சிறிதாகும். குறிக்கோடு மட்டும் அதே அளவில் நிற்கும். அதனால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடங்கும் தூரம் பெரிதாக்கத்தைப் பொறுத்து மாறும். 12இல் ஒரு புள்ளி 60 கஜத்தில் ஏறக்குறைய 2.2 அங்குலம். 6இல் அதே புள்ளி 4.3 அங்குலம்.

உங்கள் பெல்லட் 40 கஜ ஜீரோவில் 60 கஜத்துக்குப் போகும்போது சுமார் 2.7 அங்குலம் தாழ்கிறது. 12இல் ஒன்றேகால் புள்ளி அதைச் சரியாக ஈடுகட்டுகிறது. 6இல் அதே ஒன்றேகால் புள்ளியைப் பிடிக்கும்போது நீங்கள் 5.4 அங்குலம் உயர்த்துகிறீர்கள். மிச்சம் 2.7 அங்குலம் தலைக்கு மேலே. நடுக்கோட்டுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அது எந்தப் பெரிதாக்கத்திலும் ஒரே இடத்தைத்தான் காட்டும். 20, 30 கஜத்தில் நீங்கள் நடுக்கோட்டிலேயே சுடுவதால் குறி தவறவில்லை. மாலையில் அதிகம் நடப்பதும் அதனால்தான்: வெளிச்சம் குறைந்தவுடன் கை தானாக வளையத்தைத் திருப்பிவிடுகிறது.

60 கஜத்தில் காகிதம் வைத்து, 6இல், அதே ஒன்றேகால் புள்ளியில் சுடுங்கள். ஏழு சென்டிமீட்டர் மேலே விழவில்லை என்றால் நான் சொன்னது தவறு.

ஒஷாவா மாமா:
இத்தனை வருடம் சுட்ட எனக்கே இது தோன்றவில்லை. நான் வளையத்தைத் தொடுவதே இல்லை, அதனால் இருக்கும்.

வரப்போரம்:
விழுந்தது, அண்ணா. அடிக்கோலால் அளந்தேன்: குவியலின் நடு, குறியிலிருந்து ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே. பிறகு 12க்குத் திருப்பினேன், நடுவில். மறுபடி 6இல் அரைப் புள்ளியைக் கொஞ்சம் தாண்டிப் பிடித்தேன், அதுவும் நடுவில்.

இனி என்ன செய்வது? வளையத்தை 12இல் ஒட்டிவிடவா, 6க்குத் தனி அட்டவணை எழுதி வைக்கவா?

குறி_நேர்:
இரண்டும் வேலை செய்யும். அட்டவணை என்றால் வளையத்தை 6இல் வைத்து, அசையாதபடி டேப் ஒட்டிவிட்டு எழுதுங்கள். என் விருப்பம் அதுவல்ல. 60 கஜத்தில் சுடுவதையே நிறுத்திவிடுங்கள். மெல்லிய பக்கக் காற்றே அந்தத் தூரத்தில் பெல்லட்டை அங்குலக் கணக்கில் ஒதுக்கிவிடும். காகிதம் அதைப் பொறுத்துக்கொள்ளும், விலங்கு பொறுக்காது. உடம்பில் பட்டால் வளைக்குள் ஓடிப்போய் மெல்லச் சாகும். 40 கஜத்துக்குள் தலையில் மட்டும், நடுக்கோட்டில் மட்டும் என்று வைத்துக்கொண்டால் எந்தப் புள்ளியும் தேவையில்லை. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக வேலியோரம் போய்ப் படுத்திருங்கள். மெல்லச் சீழ்க்கை அடித்தால் பல நேரம் நிமிர்ந்து நின்று பார்க்கும்.

வளைமேட்டின் உச்சியில் நின்றால் சுடாதீர்கள். பின்னால் வானம்தான் இருக்கும்.

லிண்ட்சே கமக்காரன்:
சட்டமும் கொஞ்சம். நொடிக்கு 500 அடி வேகத்தையும் 5.7 ஜூல் ஆற்றலையும் தாண்டினால் கனடாவில் ஏர் ரைஃபிளும் உரிமம் தேவைப்படும் துப்பாக்கிதான். உங்களுடையது 40 ஜூலைத் தாண்டுகிறது. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று குழல் முனையில் எதையாவது மாட்டிவிடாதீர்கள், ஒலி அடக்கி இங்கே தடைசெய்யப்பட்ட சாதனம். சொந்தப் பயிரைக் காப்பாற்ற ஒன்டாரியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஸ்கார்பரோவிலிருந்து நண்பரை அழைத்துச் சுடச் சொன்னால் அவரிடம் சிறுவிலங்கு வேட்டை உரிமம் இருக்கட்டும். டவுன்ஷிப்பில் துப்பாக்கி சுடுவது பற்றிய துணைவிதி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

வரப்போரம்:
உரிமம் இருக்கிறது, அண்ணா. துணைவிதியை அப்பா விசாரிக்கிறார்.

இரண்டு நாள் வேலியோரம் படுத்ததில் நேற்று மாலை 35 கஜத்தில் ஒன்று கிடைத்தது. நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டது. கடைசியாக ஒன்று: அந்த வளையை உடனே மண் போட்டு மூடிவிடலாமா?

கூண்டுக்காரி:
உடனே வேண்டாம், தம்பி. ஒரு வளைக்கு ஒரு வாய் என்று நினைக்காதீர்கள்; மண்மேடு இல்லாத இன்னொரு துளை புல்லுக்குள் இருக்கும், உங்கள் டிராக்டர் கண்டுபிடித்தது அந்த வகைதான். காலி வளைக்குள் ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு), நரி, முயல் எல்லாம் குடியேறும். எல்லாத் துளைகளிலும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாக அடையுங்கள். மூன்று நான்கு நாட்கள் மழையில்லாத வேளையில் காகிதம் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. பிறகு கல்லும் மண்ணும் போட்டு இடித்து மூடலாம். செத்ததை வெறுங்கையால் எடுக்காதீர்கள், கையுறை போடுங்கள். கிரவுண்ட்ஹாக்குக்கு ரேபிஸ் வருவதுண்டு.