அடுத்த போன் கால் வருவதற்குள் ஒரு நல்ல வார்த்தை

வாடிக்கையாளர் சேவையில், தொலைபேசிப் பிரிவில், எனக்கு இது 6-வது வருடம். திட்டு வாங்கிய போன் கால்களுக்குக் கணக்கில்லை. என்னைத் தாங்கிப் பிடித்த போன் கால் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்.

ஒரு பெரியவர். பணம் இரண்டு முறை போய்விட்டது என்று கத்திக்கொண்டேதான் ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றுதான் வந்திருந்தது, மற்றது வங்கியிலேயே நிலுவையில் நின்றது. தானாகத் திரும்பிவிடும், சில நாள் ஆகும் என்று விளக்கி, புகார் எண்ணைக் கொடுத்து, மூன்றாம் நாள் நானே கூப்பிடுகிறேன் என்றேன். மறந்துவிடக் கூடாதென்று மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்தேன். கூப்பிட்டேன். பணம் வந்திருந்தது. சரி, போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அம்மா, ஒரு நிமிஷம். அன்னைக்கு அந்த நம்பரை மும்மூணா பிரிச்சு, ரெண்டு தடவை சொன்னீங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். திரும்பச் சொல்லுங்கன்னு கேக்கக் கூச்சமா இருக்கும். அன்னைக்குக் கேக்க வேண்டியே வரல."

அப்படிச் சொன்னது எனக்கே நினைவில்லை. "நல்ல சர்வீஸ்" என்று பாராட்டுபவர்கள் உண்டு, அதுவும் சந்தோஷம்தான். ஆனால் நான் செய்த ஒன்றைக் குறிப்பாக எடுத்துச் சொல்லி, இது எனக்கு உதவியது என்றவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து யாராக இருந்தாலும் எண்ணை மும்மூன்றாகத்தான் சொல்கிறேன்.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் என் டீம் லீடை, அதாவது எங்கள் குழுத் தலைவரை, நினைத்துக்கொண்டேன், சகோதரி. எனக்கும் போனில் பேசும் வேலைதான்.

எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. பேசிய நேரம், ஹோல்டில் வைத்த நேரம், கால் முடிந்தபின் குறிப்பு எழுதும் நேரம் எல்லாம் கூட்டி, கால்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஏஎச்டி, அதாவது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம். அது ஏறினால் கேள்வி வரும். டெட் ஏர் என்று இன்னொன்று: கால் நடுவே நாம் பேசாமல் இருந்தால் தர மதிப்பெண்ணில் கை வைப்பார்கள்.

நான் சேர்ந்து 4 மாதம் இருக்கும். ஒரு பெண்மணி, கணவர் பெயரில் இருந்த இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டார். ஸ்கிரிப்ட்டில் உள்ளபடி, "கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர் பேச முடியுமா?" என்றேன். "அவர் போன மாசம் தவறிட்டார்" என்றார். எனக்கு அடுத்த வரி வரவில்லை. அவரும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "அவசரமில்லம்மா, நான் லைன்லதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அழுதார். காத்திருந்தேன். அப்புறம் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

அந்தக் கால்தான் அந்த வாரத் தணிக்கையில் மாட்டியது. டெட் ஏரிலும் நேரத்திலும் மதிப்பெண் போயிற்று. டீம் லீட் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதிவை ஓடவிட்டார். அந்த மௌனம் வந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டார்.

"இங்க நீ ஒரு வார்த்தை பேசியிருந்தா கெட்டுப் போயிருக்கும். சும்மா இருந்த பாரு, அதை நான் யாருக்கும் ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுக்க முடியாது."

என் கண் முன்னாலேயே தரப் பிரிவுக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதினார். முடிவு மாறவில்லை, போன மதிப்பெண் போனதுதான். எனக்கு அது உறுத்தவே இல்லை. அந்த வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

* * *

நான் கவுன்டரில் நிற்பவன். போனில் பேசும் உங்கள் இருவருக்காவது மியூட் பட்டன் இருக்கிறது, எனக்கு முகம்தான் எல்லாம்.

எடை தூக்கவில்லை, ஓடியாடவில்லை, பிறகு ஏன் சாயங்காலம் இப்படி அடித்துப் போட்டது போல இருக்கிறது என்று ரொம்ப நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983-ல் எழுதியதைப் பற்றித் தற்செயலாகப் படித்தேன். உள்ளே ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றைக் கொண்டுவருவதும் உழைப்புதான் என்கிறார். உணர்ச்சி உழைப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தார். என் களைப்பு சோம்பல் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது பெரிய ஆறுதல்.

ஆனால் மறக்க முடியாதது வேறொன்று. ஒருவர் என் கவுன்டரில் கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். வரிசை நீளமாக நிற்கிறது. அடுத்தவரைப் பார்த்து வழக்கம்போலச் சிரிக்கப் பார்க்கிறேன், உதடு ஒத்துழைக்கவில்லை. பக்கத்துக் கவுன்டர் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. 'மூடப்பட்டுள்ளது' பலகையை எடுத்து என் முன்னால் வைத்தார். என் வரிசையைத் தன் பக்கம் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு நிமிஷம். முகம் கழுவிட்டு வா தம்பி."