மறு: 'செல்வாக்கு மண்டலம்' வேண்டாம், 'வணிகப்பிடி' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'ஸ்பியர் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ்' என்பதற்குச் 'செல்வாக்கு மண்டலம்' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. முன்னால் 'வணிக' என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

ஒரு நாடு வணிகத்தாலும் கடனாலும் இன்னொரு நாட்டின்மேல் பெறும் செல்வாக்குக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் கேள்வி. அதைப் புதுச்சேரி நண்பர் இப்படிச் சுலபமாக முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மண்டலம் நல்ல பழைய சொல்தான். சோழமண்டலம் இருந்தது, அர்த்தசாஸ்திரமும் அண்டை அரசர்களை வைத்து மண்டலம் போடுகிறது. ஆனால் மண்டலம் என்றதும் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. கோட்டுக்கு உள்ளே இருப்பது ஒருவருக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. இதற்கு எங்கள் கடலூரே சாட்சி. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் ஆங்கிலக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. பல திசைக்கும் சுட்டார்கள் (கிழக்கே கடல், அந்தப் பக்கம் சுட்டிருந்தால் குண்டு வீண்). விழுந்த இடம்வரை கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அச்சு அசலான செல்வாக்கு மண்டலம் அது.

வணிகத்தால் வருவது வேறு. துறைமுகத்தில் பாருங்கள். மீன் வியாபாரி வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் தருவார். வட்டி கேட்கமாட்டார். கரைக்கு வரும் மீனை அவரிடமே போட வேண்டும், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. படகு படகுக்காரருடையதுதான். ஆனாலும் "அவர் பிடியில இருக்கேன்" என்பார். இரண்டு பேரிடம் வாங்கியவரும் உண்டு: இறால் ஒருவருக்கு, நண்டு இன்னொருவருக்கு. இதில் கோடு எங்கே போடுவது?

அதனால்தான் 'வணிகப்பிடி' என்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது இலங்கையில் சீனாவின் வணிகப்பிடி இறுகியது. 2022 நெருக்கடியில் எரிபொருள், உணவு, மருந்து வாங்கக் கடன் வசதி உட்பட ஏறக்குறைய 400 கோடி டாலர் உதவிய இந்தியா, தன் பிடி நழுவாமல் பார்த்துக்கொண்டது." பிடி இறுகும், தளரும், நழுவும், பிடியில் சிக்கலாம், பிடியை உதறலாம். வினைகள் தாமே வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'வணிகச் செல்வாக்கு மண்டலம் தளர்ந்தது' என்று எழுதிப் பாருங்கள், வாய்க்கு வரவில்லை.

> 'கடன்பொறி' இருக்கிறதே?

கடன் கொடுத்தே ஒரு நாட்டை மாட்டவைப்பது என்று பொருள்படும் சொல் அது. அது வேறு பொருள், அதுவும் கோணலான பொருள். பொறி என்றால் வைத்தவன் ஒருவன், விழுந்தது எலி. அம்பாந்தோட்டையில் துறைமுகம் வேண்டும் என்று ஆசைப்பட்டது இலங்கை அரசுதான். அந்நாடு சீனாவிடம் வாங்கிய கடனைவிடப் பன்னாட்டுச் சந்தையில் கடன்பத்திரம் விற்று வாங்கியதே அதிகம். எலி என்று எழுதினால் கணக்கும் தப்பு, மரியாதையும் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் நண்பர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 2013 செப்டம்பரில் ஆர்மீனியா, ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசிவந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு ரஷ்யாவின் சுங்க ஒன்றியத்தில் சேரப்போவதாக அறிவித்தது. அந்த நவம்பரில் உக்ரைன் அரசும் ஐரோப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் நிறுத்தியது. அதற்குப் பிறகு நடந்தது தெரிந்ததே. சுங்க ஒன்றியம் என்றால் வெளியாரின் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளிலும் ஒரே தீர்வை. அதில் இருந்துகொண்டே ஒரு நாடு தனியாக ஐரோப்பாவுக்குத் தீர்வையைக் குறைக்க முடியாது. அங்கே நிஜமாகவே ஒரு கோடு விழுகிறது, 'சுங்க மண்டலம்' என்று தாராளமாக எழுதலாம்.

'பிடிவட்டம்' என்று ஒருவர் சொன்னார். வட்டம் என்றதும் எனக்குத் தாசில்தார் முகம்தான் தெரிகிறது. பிடி என்றால் பெண்யானை என்று இன்னொருவர் நினைவூட்டினார். சரி, களிறும் பிடியும் பழம்பாட்டில் இருக்கட்டும். வணிகச் செய்தியில் யாரும் யானையைத் தேடமாட்டார்கள்.

அப்புறம், இப்படி ஒருவர் பிடியில் இருக்கும் நாட்டுக்கு ஒரு சொல் வேண்டும். 'சார்பு நாடு' எனக்குச் சப்பென்று இருக்கிறது. 'வாடிக்கை நாடு' என்று போட்டுப் பார்த்தேன். வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்கும் போகலாம், பழைய பாக்கி மட்டும் இங்கே நிற்கும். கடைத்தெரு வாடை அதிகமோ? புதுச்சேரி நண்பர் சொல்லட்டும்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து