'ஸ்டில் லைஃப்' என்பதற்கு 'வைபொருள் ஓவியம்': ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அரசு இன்னோர் அரசுக்குப் பரிசாக அளித்த, கியூபிசம் என்ற ஓவியப் பாணியில் அமைந்த 'ஸ்டில் லைஃப்' ஓவியத்தை, அதாவது பழம், கிண்ணம் போன்ற பொருள்களைத் தீட்டிய ஓவியத்தைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்ற கேள்விக்கு வந்த விடைகளுள் 'உயிரற்ற பொருள் ஓவியம்', 'அசையாப் பொருள் ஓவியம்' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. முன்னது, 'செத்த இயற்கை' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான 'நாத்யூர் மோர்த்' என்பதன் நிழலாகவே நிற்கிறது; பின்னதைக் கேட்டவுடன் பத்திரப் பதிவும் அசையாச் சொத்தும்தான் நினைவுக்கு வருகின்றன. டச்சு மொழியினர் பொருள்களின் அசைவின்மையைக் கண்டு பெயரிட்டார்கள். ஸ்பானியர்களோ சரக்கறையையும் உணவுவிடுதியையும் நினைவூட்டும் 'பொதெகோன்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். அவரவர் கண் பட்ட இடத்திலிருந்து பெயர் பிறந்திருக்கிறது. நாமும் அவ்வாறே செய்யலாம்.

இவ்வகை ஓவியத்தில் தூரிகையை எடுப்பதற்கு முன்பே ஓவியர் செய்யும் வேலை, கிண்ணத்தையும் பழத்தையும் குவளையையும் மேசைமேல் வைப்பதும் மாற்றி வைப்பதும்தான். ஆகவே 'வைபொருள் ஓவியம்' என்பதை முன்வைக்கிறேன். 'ஊறுகாய்', 'சுடுசோறு' போல இதுவும் வினைத்தொகை. வைத்த பொருள், வைக்கின்ற பொருள், வைக்கும் பொருள் என முக்காலமும் இதனுள் அடங்கும். கியூபிசத்துக்கு இது மிகவும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் ஒரு பொருளைச் சுற்றி நடந்து வெவ்வேறு கணங்களில் காணும் பக்கங்களை ஒரே பரப்பில் சேர்த்து வைப்பதே அந்த ஓவியர்களின் முயற்சி. 1912இல் கியூபிச ஓவியர் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, நீள்வட்டமான அந்தப் படைப்பைச் சுற்றிக் கயிற்றையே சட்டமாக்கினார். அங்கே பொருள் தீட்டப்படவில்லை, உண்மையாகவே வைக்கப்பட்டது.

'கியூபிசம்' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 1908இல் பிரெஞ்சு ஓவியர் பிராக்கின் ஓவியங்களைப் பார்த்த திறனாய்வாளர் லூயி வோசெல், அவர் எல்லாவற்றையும் கனச்சதுரங்களாகக் குறுக்கிவிடுவதாகக் குறைகூறி எழுதியதிலிருந்து வளர்ந்த பெயர் அது. 'கனச்சதுரவியம்' என்று மொழிபெயர்த்தால், கனச்சதுரமே இல்லாத 1912ஆம் ஆண்டுப் படைப்புகளிலும் வாசகர் அதைத் தேடத் தொடங்கிவிடுவார்.

ஓர் அரசு இன்னோர் அரசுக்கு அளிக்கும் பரிசைப் பொறுத்தவரை, 'இராஜதந்திரப் பரிசு' என்பதில் சூழ்ச்சியின் சாயல் இருப்பதால், 'அரசுமுறைப் பயணம்' என்ற வழக்கையொட்டி 'அரசுமுறைப் பரிசு' எனலாம். 1963ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் ஸ்கோப்யே நகரின் (இன்றைய வடக்கு மாசிடோனியாவின் தலைநகர்) அருங்காட்சியகத்துக்குப் பிக்காசோ தாமே கொடுத்த ஓவியத்தைப் போன்றவற்றுக்கு இச்சொல் பொருந்தாது. அவை கலைஞரின் கொடை.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால், கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது 'வைப்பொருள்' எனத் திருத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.