இரண்டு காலில் ஓடிய ஓணான்

எங்கள் ஊர் கம்பம். அம்மா இருபது வருடத்துக்கு மேல் குமுளி பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடிவதற்குள் ஜீப் வந்துவிடும். பள்ளி விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொள்வார்.

தோட்டத்தின் கடைசியில் ஓர் ஓடை, அதற்கு அந்தப் பக்கம் காடு. ஒரு நாள் மதியம் தூக்குவாளியைக் கழுவப் போனேன். சருகுக்குள் சரசரவென்று சத்தம். எலி என்றுதான் நினைத்தேன். பார்த்தால் ஒரு விரல் நீள உடம்பு, அதைவிட நீளமான வால், முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களால் மட்டுமே ஓடுகிறது ஓர் ஓணான்! நாலைந்து முழம் ஓடிச் சட்டென்று நின்றது. நின்ற இடம் எனக்குத் தெரியும், ஆனாலும் ஆளைக் காணோம். குனிந்து வெகுநேரம் பார்த்த பிறகுதான் இரண்டு காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு கண் மூடித் திறந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். “இதுவா, தரை ஓணான். அது கிடக்கட்டும், உன் கால்ல அட்டை ஏறுது பாரு” என்றார்.

தரை ஓணான் என்று அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. புத்தகங்களில் இதற்குக் கங்காரு ஓணான் என்று பெயர். இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. நம் வேலி ஓணான் மாதிரி உயரத்தில் உட்கார்ந்து வெயில் காயாது. பகல் முழுக்கச் சருகின் மேல்தான், பூச்சி பிடிப்பதும் ஒளிவதும் அங்கேயே. காதுத் துளைகூட வெளியே தெரியாது, செதில் மூடியிருக்கும். 1885-இலேயே ஓர் இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்பவரின் பெயரால். அப்புறம் 2024-இல் இடுக்கி குளமாவுப் பகுதியிலிருந்து இன்னோர் இனத்தைப் புதிதாக அறிவித்தார்கள். நான் பார்த்தது இரண்டில் எது என்று இன்றுவரை மனம் அடித்துக்கொள்கிறது.

இரண்டு வருடம் முன்பு அதே தோட்டத்துக்குப் போனேன். ஏலச்செடிக்கு அடியில் ஒரு சருகு இல்லை, சுத்தமாகக் கூட்டியிருந்தார்கள். மருந்து வாடை மூக்கில் ஏறியது. ரொம்ப வேதனையாக இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் சருகு கணுக்கால் வரை கிடந்தது. அங்கே இரண்டைப் பார்த்தேன், ஒன்று குட்டி.

ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓடைக்கரைச் சருகையாவது அள்ளாமல் விடுங்கள். வண்டன்மேடு, பூப்பாறை பக்கம் யாராவது இதைப் பார்த்திருந்தால் எந்த மாதம், எந்த மாதிரி இடம் என்று எழுதுங்கள்.