சி.என்.சி. ரவுட்டரை ராத்திரி ஆளில்லாமல் ஓடவிடலாமா?

வணக்கம். மண்டபம் ஊரில் மரப் பட்டறை வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் மெஷின் இருக்கிறது. ஒரு கதவுச் செதுக்கல் ஆறேழு மணி நேரம் இழுப்பதால், ராத்திரி ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்கிறார்கள் பையன்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிட் (சுழன்று வெட்டும் முனை) மழுங்கினால் மரத்தை வெட்டாமல் தேய்க்கும், கருக்கும். அந்தக் கங்கு தூசி உறிஞ்சும் குழாய் வழியாகப் பைக்குள் போனால் கேட்கவே வேண்டாம், உள்ளே முழுக்கப் பொடித்தூள். புகைந்துகொண்டே கிடந்து பல மணி நேரம் கழித்தும் பற்றும். போதாததற்கு, இந்த உப்புக்காற்றில் லிமிட் ஸ்விட்ச் (மெஷின் எல்லை தாண்டாமல் நிறுத்துவது), கனெக்டர் எல்லாம் களிம்பு பிடித்துவிடுகிறது. அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கிறது, சரி, அழுத்த ஆள் வேண்டுமே!

புகை வந்தால் ஸ்பிண்டிலும் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) தூசி உறிஞ்சியும் சேர்ந்து நிற்கும்படி கான்டாக்டர் (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்து வயரிங் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மரத்தூசிக்கெல்லாம் சும்மா அலறாத சென்சார் எது? கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் வந்து செய்துகொடுக்கும் எலக்ட்ரீஷியன் தெரிந்தாலும் சொல்லுங்கள்.