அம்மாவின் சுங்குடிச் சேலைகளில் போர்வை தைக்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாங்கள் உடன்பிறந்தோர் நால்வரும் குடும்பத்தோடு நாகர்கோவில் வீட்டில் கூடவிருக்கிறோம். அம்மா மறைந்தபின் வரும் முதல் பண்டிகை என்பதால், அவர் உடுத்திய ஆறு மதுரைச் சுங்குடிச் சேலைகளைச் சதுரங்களாக வெட்டி இணைத்து, ஒரு பெரிய போர்வை தைத்துவிட விரும்புகிறேன்.

ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன்னரே தயங்கி நிற்கிறேன். கல்லுப்பு கரைத்த தண்ணீரில் இருமுறை ஊறவைத்து அலசிய பின்னும், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் அரக்கு நிறச் சேலை மட்டும் இன்னும் சாயம் விடுகிறது. பக்கத்தில் வரும் மஞ்சள் துண்டுகளில் அந்தச் சாயம் ஏறாமல் தடுக்க வழி உண்டா? அம்மாவுக்கு மிகவும் பிடித்த சேலை அது. ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை.

நடுவில் பஞ்சு வைத்தால் துவைக்கத் துவைக்கத் திரண்டுவிடும் என்று அஞ்சுகிறேன். வங்காளத்துக் காந்தா போர்வைகளில் பஞ்சே இல்லாமல் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் பிடித்துவிடுவார்கள். நம் ஊர் வெக்கைக்கு அதுவே ஏற்றது என்பது என் எண்ணம். அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டை நடுவில் வைத்தால் போதுமா, தையல் வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைக் கையால் தைத்துப் பழகியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கேக்கைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். மணல் பரப்பிய பாத்திரத்தில் அம்மா சுட்ட ப்ளம் கேக்கை நான் மின்சார அவனில் 180 டிகிரியில் சுட்டபோது மேற்புறம் கருகி, நடுப்பகுதி வேகாமல் நின்றது. ஒரு கிலோ கேக்குக்கு வெப்பத்தை எவ்வளவு குறைத்து, எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?